ஆல்பம் ஹிட் ஆகும் என்று நம்பி ரிபீட் ஆர்டருக்கு நூல் வாங்கி வைக்கலாமா?

திருப்பூரில் சொந்தமாகச் சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறவர் கேட்டிருப்பது இது. மேலைநாட்டுப் பாப் பாடகி ஒருவரின் புதிய ஆல்பம் இன்னும் இரண்டரை மாதத்தில் வெளிவருகிறது. அதன் அட்டைப்படத்தை நெஞ்சில் அச்சிட்ட கறுப்பு டி-ஷர்ட் 12,000 பீஸுக்கு, ஐரோப்பிய பையர் (வாங்கும் நிறுவனத்தார்) ஒருவரிடமிருந்து ஏஜெண்ட் வழியாக ஆர்டர் உறுதியாகிவிட்டது. "ஆல்பம் ஹிட் ஆயிருச்சுன்னா இன்னொரு 30,000 பீஸ் ரிபீட் கண்டிப்பா வருமுங்க, டைம் கம்மியாத்தான் குடுப்பாங்க, இப்பவே ரெடி பண்ணி வெச்சுக்குங்க" என்று ஏஜெண்ட் சொல்கிறாராம். அந்த ஆல்பம் வெற்றி பெறுமா என்று இப்போதே கணிக்க வழி உண்டா என்பது அவர் கேள்வி. பாடகியின் பெயரை அவர் குறிப்பிடவில்லை. வெளியீட்டுக்கு முன்பே அட்டைப்படம் கைக்கு வரும் ஆர்டர்களில் ரகசியக் காப்பு ஒப்பந்தம் இருக்கும் என்பதால், அது சரியான முடிவே.

கேள்வி ஆல்பத்தைப் பற்றியது போல இருந்தாலும், 30,000 பீஸுக்கான சரக்கை இப்போது எந்த நிலைவரை கொண்டுபோய் நிறுத்தலாம் என்பதே நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது என்று எடுத்துக்கொள்கிறேன். நான் கோவையில் புள்ளியியல் படித்தவன். அதன்பின் திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களுக்குத் தேவை முன்கணிப்பும் உற்பத்தித் திட்டமிடலும் செய்து வருகிறேன். இசைக் கலைஞர்களின் பெயரும் படமும் அச்சிட்ட உடைகள் பல ஆண்டுகளாக அந்த வேலையில் ஒரு பகுதி. ஒரு பாட்டு நன்றாக இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்லும் இசையறிவு எனக்கு இல்லை. எண்கள் எப்படி நடந்துகொள்கின்றன, ஆர்டர்கள் எப்படி வருகின்றன என்பதை வைத்து மட்டுமே எழுதுகிறேன்.

வெற்றி என்று அங்கே எதை எண்ணுகிறார்கள் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். ஆல்பங்களை வாரந்தோறும் வரிசைப்படுத்தும் அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியல் 2014 டிசம்பர் வரை விற்ற பிரதிகளை மட்டுமே எண்ணி வந்தது. அப்போதிலிருந்து ஸ்ட்ரீமிங்கில் கேட்பதையும் சேர்த்துக்கொண்டது: ஆல்பத்தின் பாடல்கள் 1,500 தடவை கேட்கப்பட்டால் ஓர் ஆல்பம் விற்றதற்குச் சமம் என்று முதலில் வைத்தார்கள்; 2018இல் அதைச் சந்தாதாரர்களுக்கு 1,250 தடவை என்றும், விளம்பரத்துடன் இலவசமாகக் கேட்பவர்களுக்கு 3,750 தடவை என்றும் பிரித்தார்கள்; 2026 தொடக்கத்தில் இவையும் 1,000, 2,500 என்று குறைந்தன. 2015 ஜூலையிலிருந்து உலகெங்கும் புதிய ஆல்பங்கள் வெள்ளிக்கிழமை வெளியாவதால், கணக்கு வாரமும் வெள்ளி முதல் வியாழன் வரை ஓடுகிறது. முதல் வாரத்தின் எண்ணிக்கை பெரும்பாலும் அடுத்த ஞாயிறன்று தெரிந்துவிடும். உங்கள் பையர் ஐரோப்பியர் என்பதால் பிரிட்டனின் அஃபீஷியல் சார்ட்ஸ் பட்டியல் உங்களுக்கு இன்னும் பயன்படும். அது வார நடுவிலேயே நிலவரத்தைச் சொல்லி, வெள்ளிக்கிழமை முழுப் பட்டியலை வெளியிடுகிறது.

இந்த விதிகளின் விளைவை ஒரே எடுத்துக்காட்டில் பார்த்துவிடலாம். 2024 ஏப்ரலில் வெளியான டெய்லர் ஸ்விஃப்ட்டின் ஆல்பம் அமெரிக்காவில் முதல் வாரத்தில் 26.1 லட்சம் பிரதிகளுக்கு இணையான எண்ணிக்கையைப் பெற்றது. அதில் 19.14 லட்சம் உண்மையாகவே காசு கொடுத்து வாங்கிய பிரதிகள், அவற்றிலும் 8.59 லட்சம் வினைல் இசைத்தட்டுகள். வெவ்வேறு அட்டையும் வண்ணமும் கொண்ட பல பதிப்புகள் இருந்ததால், ஒரே ரசிகர் இரண்டு மூன்று வாங்கினாலும் அத்தனையும் கணக்கில் ஏறும். ஆகவே முதல் வார எண், எத்தனை பேர் பாட்டைக் கேட்டார்கள் என்பதைவிட, தீவிர ரசிகர்கள் எவ்வளவு செலவழித்தார்கள் என்பதையே அதிகமாகக் காட்டுகிறது. டி-ஷர்ட் தைக்கிறவருக்கு இது மிக முக்கியமான செய்தி என்பதால் பின்னால் மீண்டும் இதற்கு வருகிறேன்.

முதல் வாரத்தை ஓரளவு நம்பிக்கையோடு கணிக்கலாம் என்பது என் அனுபவம். ஏற்கெனவே இரண்டு மூன்று ஆல்பம் வெளியிட்டவருக்கு, முந்தைய ஆல்பத்தின் முதல் வாரமே மிகச் சிறந்த அடையாளம். அதன்மேல் முன்பதிவு, பதிப்புகளின் எண்ணிக்கை, இடைப்பட்ட காலத்தில் ரசிகர் வட்டம் வளர்ந்ததா தேய்ந்ததா என்பவற்றைச் சேர்த்தால் பெரும்பாலும் பக்கத்தில் போய்விடலாம். ஆனால் முந்தைய எண்ணை அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளவும் கூடாது. அடேல் 2015 நவம்பரில் வெளியிட்ட ஆல்பம் அமெரிக்காவில் முதல் வாரத்தில் சுமார் 33.8 லட்சம் பிரதிகள் விற்றது. முதல் சில மாதங்கள் அது ஸ்ட்ரீமிங்கிலேயே கிடைக்கவில்லை. அவருடைய அடுத்த ஆல்பம் 2021 நவம்பரில் வந்தபோது முதல் வார எண் 8.39 லட்சம். இதைச் சரிவு என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் அந்த ஆண்டு அமெரிக்காவில் மிக அதிகப் பிரதிகள் விற்ற ஆல்பம் அதுதான். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் மக்கள் இசைக்குக் காசு கொடுக்கும் முறையே மாறிப்போயிருந்தது. எனவே உங்கள் பாடகியின் முந்தைய ஆல்பம் மூன்று ஆண்டுக்கு மேல் பழையது என்றால், அவருடைய பழைய எண்ணைவிட, அவரையொத்த மற்றவர்கள் கடந்த ஓராண்டில் பெற்ற எண்ணோடு ஒப்பிடுவதே பாதுகாப்பானது.

ஆல்பத்துக்கு முன் தனியாக வெளியிடும் சிங்கிள் பாடலும் ஓர் அடையாளம்தான். கேட்டி பெர்ரியின் 2010 ஆல்பத்திலிருந்து ஐந்து பாடல்கள், தனிப் பாடல்களுக்கான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்தன. அதே பாடகி 2024இல் புதிய ஆல்பத்துக்கு முன்னோட்டமாக விட்ட பாடல் அதிகபட்சம் 63ஆம் இடத்தைத்தான் தொட்டது. செப்டம்பரில் வந்த ஆல்பம் பில்போர்டு 200 பட்டியலில் ஆறாம் இடத்தில் நுழைந்தது. சிங்கிள் படுத்தால் ஆல்பத்தின் முதல் வாரமும் தள்ளாடும் என்ற எச்சரிக்கையை நான் பெரிதும் மதிக்கிறேன். சிங்கிள் ஓடினால் ஆல்பமும் ஓடும் என்ற மறுபக்கத்துக்கு அந்த வலு கிடையாது. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பவர்கள் அதே பாடகியின் பதின்மூன்று பாட்டையும் கேட்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

இவற்றில் கண்ணை ஏமாற்றும் எண் யூடியூப் பார்வைதான். 2019இல் இந்தியப் பாடகர் ஒருவரின் வீடியோ 24 மணி நேரத்தில் சுமார் 7.5 கோடி பார்வை பெற்றது என்று அறிவிக்கப்பட்டது; விளம்பரத்துக்குப் பணம் கட்டி வாங்கிய பார்வைகளும் அதில் சேர்ந்திருந்தது தெரிந்து பெரிய விவாதம் ஆனது. அந்த ஆண்டு செப்டம்பரில், விளம்பரம் மூலம் வரும் பார்வைகளை 24 மணி நேரச் சாதனைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று யூடியூப் அறிவித்தது. ஆனாலும் வீடியோவின் கீழே தெரியும் மொத்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம் என்றே இன்றும் சொல்வேன். முதல் நாள் பார்வையை விட்டுவிட்டு, இரண்டாம் மூன்றாம் வாரத்தில் அந்தப் பாடல் தினசரிப் பட்டியலில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். விளம்பரம் தூக்கிவிட்ட பாட்டு அதற்குள் இறங்கியிருக்கும். மக்கள் தாமாகத் தேடிக் கேட்கும் பாட்டு அதே இடத்தில் நிற்கும், சில நேரம் ஏறியும் இருக்கும்.

ஆல்பம் நீண்ட நாள் ஓடுமா என்பது வேறு கேள்வி. அதைக் கணிக்க முடியும் என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை. மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' 1982 நவம்பர் இறுதியில் வந்தது. அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தை அடைந்தது 1983 பிப்ரவரியில். பின்னர் மொத்தம் 37 வாரம் அங்கே இருந்தது. வெளியான இரண்டாம் வாரத்து எண்ணை வைத்து அதை யாரும் ஊகித்திருக்க முடியாது. அது பழைய காலம் என்று தோன்றினால், அமெரிக்கப் பாடகி சாப்பல் ரோன் 2023 செப்டம்பரில் வெளியிட்ட முதல் ஆல்பத்தைப் பாருங்கள். வந்தபோது அது பில்போர்டு 200 பட்டியலிலேயே இடம்பெறவில்லை. 2024 தொடக்கத்தில் ஒலிவியா ரோட்ரிகோவின் சுற்றுப்பயணத்தில் முன்நிகழ்ச்சி பாடினார், ஏப்ரலில் கோச்செல்லா என்ற பெரிய இசை விழாவின் மேடை கிடைத்தது, ஆகஸ்டில் அதே ஆல்பம் இரண்டாம் இடத்துக்கு வந்து நின்றது. அதில் இருந்த பாடல்கள் மாறவில்லை. கேட்கும் கூட்டம் வந்து சேர ஏறத்தாழ ஓர் ஆண்டு பிடித்தது.

இது ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கு, என் துறையில் இருப்பவர்கள் அடிக்கடி நினைவுகூரும் ஆய்வு ஒன்று உண்டு. மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவரும் 2006இல் 'சயின்ஸ்' இதழில் அதை வெளியிட்டார்கள். அதிகம் அறியப்படாத குழுக்களின் 48 பாடல்களை இணையத்தில் வைத்து, 14,000க்கு மேற்பட்டவர்களைக் கேட்கவும் பதிவிறக்கவும் விட்டார்கள். ஒரு பிரிவினருக்குப் பாடலின் பெயரும் இசைக்குழுவின் பெயரும் மட்டும் தெரியும். மற்றவர்கள் எட்டுத் தனித்தனிக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, தம் குழுவில் ஒவ்வொரு பாடலையும் இதுவரை எத்தனை பேர் இறக்கியிருக்கிறார்கள் என்பதையும் பார்த்தார்கள். தொடக்கத்தில் எல்லாக் குழுவிலும் எண்ணிக்கை பூஜ்யம். முடிவில் குழுவுக்குக் குழு வெவ்வேறு பாடல்கள் வெற்றி பெற்றிருந்தன. பிறர் தேர்வு தெரியாத பிரிவினர் 26ஆம் இடம் கொடுத்த ஒரு பாடல், ஒரு குழுவில் முதலிடமும் இன்னொரு குழுவில் 40ஆம் இடமும் பெற்றது. மிக நல்ல பாடல்கள் அடிமட்டத்துக்குப் போவதும், மிக மோசமானவை உச்சிக்கு வருவதும் அரிதாக இருந்தன. நடுவில் இருந்தவற்றுக்கு எதுவும் நடக்கலாம் என்ற நிலைதான். பாட்டைக் கேட்டு எண்ணிக்கை சொல்லும் மென்பொருள்களை நான் ஐயத்தோடு பார்ப்பதற்குக் காரணம் இதுவே. பாட்டுக்குள் இருப்பதை அவை அளக்கலாம். முதலில் கேட்டவர்கள் யார், அவர்களைப் பார்த்து அடுத்துக் கேட்டவர்கள் யார் என்பது பாட்டுக்கு வெளியே நடக்கிறது.

நம் ஊரில் பாட்டு ஓடுவதைப் பார்த்துப் பழகிய கண்ணும் இங்கே அதிகம் உதவாது. தமிழில் ஆல்பம் என்றால் பெரும்பாலும் படப் பாடல்கள். நடிகர், இயக்குநர், வெளியீட்டுத் தேதி என்று பாட்டுக்கு வெளியே பல தூண்கள் அதைத் தாங்குகின்றன. கோவைக்காரரான ஹிப்ஹாப் தமிழா ஆதி 2012இல் படத்தோடு தொடர்பில்லாமல் ராப் ஆல்பம் வெளியிட்டு நிலைத்தது நமக்கெல்லாம் பெருமையான விஷயம்தான். ஆனால் இங்கே தனி ஆல்பத்தின் பெயரில் சட்டை வாங்கிப் போடும் பழக்கம் இன்னும் பரவலாகவில்லை. கோவை கொடிசியா மைதானத்தில் இசை நிகழ்ச்சிக்கு வரும் கூட்டத்தை வைத்து லண்டன், பெர்லின் ரசிகர் என்ன வாங்குவார் என்று கணக்குப் போட முடியாது.

இனி உங்கள் டி-ஷர்ட். பாட்டைக் கேட்பவர்களின் எண்ணிக்கையும் சட்டை வாங்குபவர்களின் எண்ணிக்கையும் ஒன்றாக ஏறி இறங்குவதில்லை என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். வானொலியிலும் கடைகளிலும் எந்நேரமும் ஒலிக்கும் பாடகிக்குச் சட்டை போகாமல் இருக்கலாம். பட்டியலில் மூன்று வாரம் மட்டும் இருந்த குழுவுக்கு ரிபீட் மேல் ரிபீட் வரலாம். அந்தச் சட்டையைப் போடுவதில் தன் அடையாளத்தைக் காணும் ரசிகர்தான் அதை வாங்குகிறார். அவர் பெரும்பாலும் வாங்கும் இடம் இரண்டு: கலைஞரின் இணையக் கடை, நிகழ்ச்சி அரங்கம். ஆகவே ஏஜெண்டிடம் ஆல்பம் ஹிட் ஆகுமா என்று கேட்பதைவிட, ஐரோப்பியச் சுற்றுப்பயணம் அறிவித்தாயிற்றா, எந்த மாதம், எத்தனை ஊர், அரங்கக் கடைக்கான சரக்கு இந்த ஆர்டரில் சேர்ந்ததா தனியா என்று கேளுங்கள். சட்டையும் சிடியும் ஒரே பெட்டியில் வைத்து விற்கும் திட்டம் உண்டா என்றும் கேளுங்கள். அமெரிக்காவில் இப்படிச் சேர்த்து விற்பது பட்டியல் எண்ணை ஊதிப் பெருக்குகிறது என்ற புகார் எழுந்து, 2020 அக்டோபரில் பில்போர்டு விதிகளை இறுக்கியது. பெட்டிக்கான சட்டை என்றால் அது வெளியீட்டு வாரத்தோடு தீர்ந்துவிடும் தேவை, அதற்கு ரிபீட் வருவது அரிது. சுற்றுப்பயணத்துக்கான சட்டை என்றால் ஆல்பத்தின் இடம் சற்று இறங்கினாலும் ஆர்டர் வரும்.

இவ்வளவையும் வைத்து, நீங்கள் சொன்ன விவரங்களோடு ஒரு மதிப்பீடு தருகிறேன். இது அளந்து சொன்ன எண் அன்று, என் தொழில் அனுபவத்தின் தீர்ப்பு. சுற்றுப்பயணம் அறிவிக்கப்படாத நிலையில், வாய்மொழியாகச் சொன்ன ரிபீட் முழு 30,000 பீஸாக வரும் வாய்ப்பை மூன்றில் ஒன்றுக்கு மேல் நான் வைக்க மாட்டேன். சுற்றுப்பயணம் உறுதி என்றால் பாதிக்குப் பாதி. முழுதாக வராவிட்டாலும் எட்டாயிரம் பத்தாயிரமாவது வரும் வாய்ப்பு இவ்விரண்டையும்விட அதிகம்.

இப்போது அந்த வாய்ப்பை எதோடு ஒப்பிடுவது என்று பார்ப்போம். ரிபீட் வந்தால் பீஸுக்கு 25 ரூபாய் உங்களுக்கு மிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் உண்மையான எண்ணை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள். வராமல் போனால் ஏற்படும் நட்டத்தை, நட்டமும் லாபமும் சேர்ந்த தொகையால் வகுத்தால், எத்தனை சதவீத வாய்ப்பு இருந்தால் துணியலாம் என்பது கிடைக்கும். நூலாக மட்டும் வாங்கி வைத்தால், வட்டியும் மாதப் பிறப்பில் மில்கள் விலையைக் குறைத்தால் வரும் இழப்பும் சேர்ந்து பீஸுக்கு 5 ரூபாய் போகலாம். 5ஐ 30ஆல் வகுக்க, 17 சதவீத வாய்ப்பே போதும். சாயமேற்றிய கறுப்புத் துணியாக வைத்தால், வேறு ஆர்டரின் ஷேடும் (நிறச் சாயலும்) ஜிஎஸ்எம்மும் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற எடையும்) பொருந்தாமல், லாட்டாக (மொத்தமாகக் குறைந்த விலைக்கு) தள்ளும்போது 25 ரூபாய் போகலாம். அப்போது 50 சதவீதம் வேண்டும். அச்சில்லாமல் தைத்து முடித்த சட்டையாக வைத்து 45 ரூபாய் போனால் 64 சதவீதம். அச்சிட்டு முடித்த சட்டை என்றால் அடக்க விலை முழுவதுமே, 150 ரூபாய் என்றால், போய்விடும். அதற்கு 86 சதவீத வாய்ப்பு வேண்டும். வெளியாகாத எந்த ஆல்பத்துக்கும் நான் 86 சதவீதம் சொல்ல மாட்டேன்.

ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால், 30ஆம் நம்பர் (நூலின் பருமனைக் குறிக்கும் எண்) நூலை மட்டும், அதுவும் 15,000 பீஸுக்கு வாங்கி வைப்பேன். 160 ஜிஎஸ்எம் துணியில் சட்டைக்கு ஏறத்தாழ 200 கிராம் என்று வைத்தால் அது மூன்று டன். அந்த நூல் எந்த ஆர்டருக்கும் உதவும். சுற்றுப்பயணம் அறிவிக்கப்பட்ட நாளில் அதில் ஒரு பகுதியைத் துணி பின்னும் நிட்டிங்குக்கு அனுப்பலாம், சாயமிடாத துணியாகவே நிறுத்தி வைக்கலாம். சாயப்பட்டறைக்கு அனுப்பும் முடிவை ஆல்பம் வெளியான பத்தாம் நாளுக்குத் தள்ளிவிடுங்கள்; அப்போது முதல் வார எண்ணும், இரண்டாம் வாரத் தொடக்கத்தில் எத்தனை இடம் சரிந்தது என்பதும் கையில் இருக்கும். முதல் வாரத்திலிருந்து இரண்டாம் வாரத்துக்குப் பெரிய இறக்கம் இருப்பது இயல்பு, அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். பையரிடம் முதல் 12,000இல் எத்தனை பீஸ் விற்றிருக்கிறது என்று அன்றைக்கே கேளுங்கள். அந்த ஒரு எண் எல்லாப் பட்டியலையும்விட உங்களுக்கு நம்பகமானது.

சாயத்தைத் தள்ளிப்போட்டதால் இழக்கும் காலத்தை அச்சில் மீட்கலாம். நெஞ்சுப் பிரிண்ட்டை நாம் வழக்கமாக வெட்டிய துண்டிலேயே போட்டுவிட்டுப் பிறகுதான் பவர் டேபிளுக்கு (தையலுக்கு) அனுப்புகிறோம். ரிபீட்டுக்கு மட்டும், தைத்து முடித்த சட்டையில் அச்சிடுவதற்குப் பையரின் ஒப்புதலை இப்போதே சாம்பிள் நிலையிலேயே வாங்கிவிடுங்கள். சட்டையைப் பலகையில் மாட்டும்போது கழுத்து ரிப்பின் (கழுத்துப் பட்டையின்) தடிப்பு, அச்சு வலையான ஸ்கிரீனைத் தூக்கிப் பிடிக்கும். அந்த இடத்தில் மை சரியாக இறங்காமல் படத்தின் மேல்விளிம்பு வெளிறிவிடும். அதனால் படம் ரிப்பிலிருந்து மூன்று விரல்கடையாவது கீழே தொடங்க வேண்டும். அட்டைப்படம் தோள்வரை பரவியிருந்தால் இந்த வழி சரிவராது, துண்டில் அச்சிட்டே ஆக வேண்டும்; அப்படியானால் ரிபீட்டுக்குக் குறைந்தது ஐந்து வாரம் வேண்டும் என்று ஏஜெண்டுக்கு மெயிலில் எழுதிவிடுங்கள்.

கடைசியாக, ஒப்பந்தத்தில் மீதச் சரக்கு பற்றிய விதியைத் தேடிப் படியுங்கள். சாதாரண ஏற்றுமதி மிச்சத்தைத் திருப்பூரின் காதர்பேட்டைக் கடைகளில் கொடுத்துவிடுவது போல, உரிமம் பெற்ற படம் அச்சிட்ட சட்டையைக் கொடுக்க முடியாது; படத்தின் உரிமை கலைஞர் தரப்பிடம் இருக்கிறது, அனுமதியில்லாமல் விற்றால் வழக்கு வரும். அந்த ஆர்டரில் வழக்கமாகக் கூடுதலாக வெட்டும் மூன்று நான்கு சதவீதம் பீஸுக்கும் இது பொருந்தும். கூடுதல் பீஸைப் பையர் எடுத்துக்கொள்வாரா, அழிக்கச் சொல்வாரா, அழிப்பதானால் செலவு யாருடையது என்பதை ரிபீட் பற்றிய பேச்சு தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.